நாற்பது விநாடிக்கு ஒரு காரணம் இருந்தது

“பயனர் ஓ.டி.பி.யை மூன்று முறை தவறாக இட்டால் கணக்கு பூட்டப்பட வேண்டும்.”

பணம் அனுப்பும் செயலி ஒன்றின் விவரக்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போது எல்லாம் தெளிவாகவே தோன்றும். நிரலாளர் எழுத உட்கார்ந்ததும்தான் கேள்விகள் கிளம்பும். மூன்று முறை என்பது ஒரே ஓ.டி.பி.க்கா, மறுபடி கேட்டு வாங்கிய புது ஓ.டி.பி.யையும் சேர்த்தா? இன்று இரண்டு தவறு, நாளை ஒன்று என்றால் அது மூன்றாகுமா? பூட்டு எவ்வளவு நேரம் நிற்கும், யார் திறப்பார்? சரியான எண்ணையே காலாவதியான பிறகு இட்டால் அதுவும் தவறாக எண்ணப்படுமா? பூட்டிய கணக்குக்கு யாராவது பணம் அனுப்பினால் ஏற்பதா, திருப்புவதா?

இவற்றுக்கெல்லாம் அன்றைக்கே பதில் கிடைத்துவிடும். ஸ்லாக்கில் ஒருவர் சொல்வார், காலை நேரக் கூட்டத்தில் இன்னொருவர் சொல்வார், நிரலாளர் அதன்படி எழுதி முடிப்பார். விவரக்குறிப்பில் மட்டும் அந்த ஒற்றை வரி அப்படியே கிடக்கும். ஒன்றிரண்டு ஆண்டு கழித்து, “மூன்றை ஐந்தாக மாற்றினால் என்ன?” என்று புதிதாக வந்தவர் கேட்பார். மூன்று எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. ஒன்று, பயந்துகொண்டு யாரும் தொடமாட்டார்கள். இல்லையென்றால் யோசிக்காமல் மாற்றிவிடுவார்கள்.

ஸ்பெக் சரியில்லை என்ற புலம்பல் இல்லாத மென்பொருள் குழு கிடையாது. மேலாளர்கள் அதற்குத் தரும் மருந்து பெரும்பாலும் இன்னும் நீளமான படிவம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை ஓரளவுக்கு எழுதிவிடுகிறோம். எழுதத் தவறினாலும் நிரலைப் படித்து அதை மீட்டுவிடலாம். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை எந்த நிரலிலிருந்தும் மீட்க முடியாது. முடிவெடுத்தவர்கள் வேலை மாறிப் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. விவரக்குறிப்பின் முதல் கடமை அந்தக் காரணத்தைக் காப்பாற்றுவது என்பதே என் வாதம். அதைக் காப்பாற்றத் தவறி மிகப் பெரிய விலை கொடுத்த ஒரு திட்டத்தின் விசாரணை அறிக்கை பொதுவில் இருக்கிறது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. உள்ளே பூமியின் காந்தமண்டலத்தை ஆராய வேண்டிய கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் நான்கு. பிரதான எஞ்சின் பற்றிக்கொண்ட 37ஆவது விநாடிவாக்கில் வழிகாட்டும் கருவி செயலிழந்தது. ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் ராக்கெட் பாதை விலகி உடைந்து வெடித்தது.

கணினிப் பாடங்களில் இது எண் வழிந்த பிழையாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அது உண்மைதான். கிடைத்திசை வேகத்தோடு தொடர்புள்ள ஓர் அளவு 64 பிட் எண்ணாக இருந்தது. அதை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், கொள்ளக்கூடிய உச்சமான 32,767ஐ அது தாண்டியது. ஆனால் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் கொடுத்த அறிக்கையைப் படித்தால், அது விவரக்குறிப்புகளைப் பற்றியும் நிறையப் பேசுகிறது.

வழிந்த அந்தக் கணக்கு எதற்காக ஓடிக்கொண்டிருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று சொல்லும் கருவியை ஏவுவதற்கு முன் தரையில் வைத்துச் சீரமைக்க வேண்டும். கிளம்பிய பிறகு அந்தச் சீரமைப்புக் கணக்குக்குப் பொருளே இல்லை. அப்படியும் அது பறக்கத் தொடங்கி ஏறத்தாழ 40 விநாடிவரை ஓடும்படி வைத்திருந்தார்கள். அது யாரோ மறந்துபோய் விட்டுவிட்டதல்ல. பழைய ஏரியன் ராக்கெட்டுகளுக்காகப் பத்தாண்டுக்கு முன்பே யோசித்து எழுதிய தேவை அது. இறங்குமுக எண்ணிக்கையில் கடைசி 9ஆவது விநாடிக்கும் 5ஆவது விநாடிக்கும் நடுவில் ஏவுதலை நிறுத்திவைக்க நேர்ந்தால் கருவியை மறுபடி முதலிலிருந்து சீரமைக்க வேண்டிவரும். அதற்கு 45 நிமிடத்துக்கு மேல் ஆகும், ஏவும் வாய்ப்பே கைநழுவிப் போகலாம். ஆகவே தரைக் கருவிகள் கட்டுப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தேவையான 50 விநாடிவரை, அந்த 9ஆவது விநாடியிலிருந்து எண்ணி, கணக்கை ஓடவிட்டார்கள். நல்ல ஏற்பாடு. 1989இல் ஒரே ஒரு முறை அது பயன்படவும் செய்தது.

ஏரியன் 5இன் ஏவுமுன் ஒழுங்கு வேறு. அங்கே அந்தத் தேவை இல்லை. ஆனாலும் பழைய ராக்கெட்டில் நன்றாக ஓடிய மென்பொருள் என்பதால் அதைத் தொடாமல் புது ராக்கெட்டுக்குக் கொண்டுபோனார்கள். தேவை இறந்துவிட்டது, அதைச் செய்யும் நிரல் மட்டும் உயிரோடு இருந்தது. ‘இது 9ஆவது விநாடி நிறுத்தத்துக்காக’ என்று நிரலின் பக்கத்திலேயே எழுதியிருந்தால், மறுபயன்பாட்டு ஆய்வில் உட்கார்ந்த ஒரு பொறியாளராவது “நமக்கு அந்த நிறுத்தமே கிடையாதே” என்று சொல்லியிருக்க வாய்ப்புண்டு.

அடுத்தது எழுதாமல் விட்டது. வழியக்கூடிய ஏழு மாறிகள் இருப்பதை மென்பொருளை உருவாக்கிய குழு முன்பே அறிந்திருந்தது. செயலியின் வேலைச்சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இலக்கு இருந்ததால் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்தார்கள். மற்ற மூன்றும் அந்த அளவுக்குப் போகவே போகாது என்பது கணிப்பு. ஏரியன் 4இன் பாதைக்கு அது சரி. ஏரியன் 5இலோ கிடைத்திசை வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறும். இந்தப் புதுப் பாதையின் தரவைக் கருவியின் விவரக்குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேசியே ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்கிறது அறிக்கை. சோதனைகள் விவரக்குறிப்பைப் பார்த்துத்தான் நடக்கும். அதில் இல்லாத பாதையில் யாரும் அந்தக் கருவியை ஓட்டிப் பார்க்கவில்லை.

கடைசியாக, எழுதியிருந்ததையே மென்பொருள் அப்படியே செய்த இடம். எதிர்பாராத பிழை வந்தால் அதை அறிவித்துவிட்டுச் செயலியை நிறுத்திவிட வேண்டும் என்பது விவரக்குறிப்பு. பிழை என்றால் ஏதோ ஒரு வன்பொருள் பழுதடைந்திருக்கும், மாற்றுக் கருவி வேலையை ஏற்றுக்கொள்ளும் என்ற நினைப்பில் எழுதியது அது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள், அதே கணக்கு. அது ஒரு கணம் முன்பே நின்றுபோயிருந்தது. முதன்மைக் கருவியும் விவரக்குறிப்பின்படி நின்றது. அது அனுப்பிய பிழைத் தகவலை ராக்கெட்டின் கணினி பறக்கும் தரவாக எடுத்துக்கொண்டு எஞ்சின் குழல்களை முழுவதுமாகத் திருப்பியது.

லியோன்ஸ் குழுவின் பரிந்துரைகளில் ஒன்றை ஒவ்வொரு மென்பொருள் குழுவின் சுவரிலும் ஒட்டலாம். முடிவுகளுக்கான காரணங்களைச் சொல்லும் ஆவணங்களுக்கு நிரலுக்குக் கொடுக்கும் அதே கவனத்தைக் கொடுக்க வேண்டும். நிரலும் அதன் காரணமும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் முறையை மேம்படுத்த வேண்டும் என்கிறது அது. வெளிவந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகிறது. எண் வழிவதைத் தடுக்கக் கற்றுக்கொண்ட அளவுக்கு இதை நாம் கற்றுக்கொள்ளவில்லை.

சரி, காரணத்தை எழுதினால் என்ன நடக்கும்? அந்த ஓ.டி.பி. வரியிலேயே செய்து பார்க்கலாம். மூன்று முறை என்று வைத்தது எதற்கு? யாரோ ஒருவர் எண்களை ஊகித்து உள்ளே நுழைந்துவிடாமல் தடுக்க. அப்படியென்றால் ஊகிக்க எத்தனை வாய்ப்பு கிடைக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். ஓ.டி.பி. நான்கு இலக்கம், 30 விநாடிக்கு ஒரு முறை புதிது கேட்கலாம், தவறுகள் ஓ.டி.பி.வாரியாக எண்ணப்படும் என்று கொள்வோம். திருடர் இரண்டு முறை ஊகித்துவிட்டு, மூன்றாவதற்குள் புது ஓ.டி.பி. கேட்டுவிடுவார். பூட்டு விழவே விழாது. ஒரு நாளில் 2,880 ஓ.டி.பி., 5,760 ஊகங்கள். அவர் உள்ளே நுழைவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 44. இலக்கங்களை ஆறாக்கினால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கும். தவறுகளைக் கணக்குவாரியாக, நாள் முழுக்கச் சேர்த்து எண்ணினால் ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆக, மூன்றா ஐந்தா என்பதில் விஷயமே இல்லை. எதைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. முதல் வரியில் அது இல்லவே இல்லை. ‘ஏன்’ என்று எழுதத் தொடங்கியதும் ‘என்ன’வில் இருந்த ஓட்டை தெரிந்துவிட்டது. ஆகவே அந்த விதியை இப்படி எழுதுவேன்:

விதி 14: ஒரு கணக்கில் 24 மணி நேரத்துக்குள் 3 தவறான முயற்சிகள் சேர்ந்தால் 30 நிமிடப் பூட்டு. புது ஓ.டி.பி. வாங்கினாலும் எண்ணிக்கை அழியாது. காலாவதியான ஓ.டி.பி. தவறாக எண்ணப்படாது.
காரணம்: புது ஓ.டி.பி. கேட்டுக் கேட்டு ஊகிப்பதைத் தடுக்க. 3 என்ற எண்ணுக்குத் தனிக் காரணம் இல்லை. 5 ஆனாலும் பாதுகாப்பு பெரிதாகக் குறையாது.
ஒதுக்கிய யோசனை: நிரந்தரப் பூட்டு. பிறர் வேண்டுமென்றே ஒருவர் கணக்கை முடக்கிவிட முடியும்.
மறுபடி பார்க்க வேண்டிய தருணம்: ஓ.டி.பி.யின் நீளம் மாறினால், அல்லது கைரேகை நுழைவு வந்தால்.

நான்கே வரி. ஏரியனில் இல்லாதது இதில் கடைசி வரியாக இருக்கிறது. எந்த நிலைமை மாறினால் இந்த விதி செத்துப்போகும் என்பதை எழுதும்போதே சொல்லிவைக்கிறோம். மூன்றாவது வரியும் எனக்கு மிகப் பிடித்தது. பைத்தான் மொழியில் மாற்றம் முன்மொழிகிறவர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து ‘பெப்’ என்ற வடிவில் ஆவணம் எழுதுகிறார்கள். நிராகரித்த யோசனைகளையும் நிராகரித்த காரணத்தையும் அதில் பதிவு செய்வது வழக்கம். ஒரே யோசனையை ஆண்டுக்கொரு முறை புதிதாக யாராவது கொண்டுவருவது எல்லாக் குழுக்களிலும் நடக்கிறது. பழைய விவாதம் எழுத்தில் இருந்தால் அரை மணி நேரக் கூட்டம் ஒரு சுட்டியில் முடிந்துவிடும்.

இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். 1970களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் டேவிட் பார்னாஸ், கேத்ரின் ஹெனிங்கர் ஆகியோர் அடங்கிய குழு, ஏ-7இ என்ற போர்விமானத்தின் மென்பொருளுக்கு முழுமையான தேவை ஆவணம் ஒன்றை எழுதியது. அது ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த விமானம், மென்பொருளும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் நிரலுக்கு ஆவணம் எழுதுவது வீண்வேலை என்று நினைப்பவர்கள் 1980இல் ஹெனிங்கர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையைப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் நடத்தையை மட்டும் எழுது, உள்ளே எப்படிக் கட்டுவது என்பதை எழுதாதே. திருத்த எளிதாக இருக்கட்டும். தேடுகிறவருக்கு உடனே விடை கிடைக்கட்டும். பின்னால் எவை மாறக்கூடும் என்பதை இப்போதே குறித்துவை. விரும்பாதது நடந்தால் என்ன செய்வது என்றும் சொல் என்று அவர்கள் வகுத்துக்கொண்ட நெறிகள் இன்றைக்கும் பழசாகவில்லை.

அவர்கள் பத்திகளைக் குறைத்து அட்டவணைகளைக் கையாண்டார்கள். ஒரு வரிசையில் எல்லா நிபந்தனைகளும் வந்தாக வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது என்பது விதி. பத்தியாக எழுதும்போது விட்டுப்போனது கண்ணில் படாது, வாக்கியம் முழுமையாகவே ஒலிக்கும். கட்டம் போட்டுவிட்டால் காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். எண் சரி, எண் தவறு, காலாவதி என்று மூன்று நெடுவரிசைகள். கணக்கு திறந்திருக்கிறது, பூட்டியிருக்கிறது என்று இரண்டு வரிசைகள். ஆறு கட்டங்கள். “பூட்டிய கணக்கில் சரியான எண்” என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று உங்கள் குழுவில் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆவணம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் காணாமல் போனது. அதன் இடைமுக விவரக்குறிப்பில், உந்துவிசைத் தரவு நியூட்டன்-விநாடி அலகில் வர வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. தரையிலிருந்த நிரல் பவுண்டு-விநாடியில் எழுதிக் கொடுத்தது. 4.45 மடங்கு வேறுபாடு மாதக்கணக்கில் சேர்ந்தது. 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயைக் கடக்க வேண்டிய விண்கலம் ஏறத்தாழ 57 கிலோமீட்டர் வரை தாழ்ந்துபோனது. எழுதியதில் பிழை இல்லை. எழுதியபடிதான் நிரல் நடக்கிறதா என்று கேட்கும் ஏற்பாடு செயல்படவில்லை.

அந்த ஏற்பாட்டை இன்று கணினியிடமே ஒப்படைக்கலாம். குக்கம்பர் என்ற கருவி விவரக்குறிப்பின் வரிகளையே சோதனையாக ஓட்டுகிறது. அதன் கெர்கின் என்ற எழுத்துமுறை பல மொழிகளை ஏற்கிறது, தமிழும் அவற்றில் ஒன்று. மொழி தமிழ் என்று குறித்துவிட்டால் கீழே இருப்பதை அது அப்படியே படிக்கும்:

அம்சம்: ஓ.டி.பி. பூட்டு
காட்சி: புது ஓ.டி.பி. வாங்கினாலும் பழைய தவறுகள் நிற்கும்
கொடுக்கப்பட்ட கணக்கில் இன்று 2 தவறான முயற்சிகள் பதிவாகியுள்ளன
எப்போது பயனர் புது ஓ.டி.பி. வாங்கி அதையும் தவறாக இடுகிறார்
அப்பொழுது கணக்கு 30 நிமிடம் பூட்டப்படும்

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சிறு நிரல் எழுதிக் கோத்துவிட்டால், நிரல் மாறும் ஒவ்வொரு முறையும் இது ஓடும். யாராவது எண்ணிக்கையை ஓ.டி.பி.வாரியாக மாற்றிவிட்டால் அன்றைக்கே சிவப்பு விளக்கு எரியும். ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தக் கருவி கையில் கிடைத்ததும் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு காட்சி என்று நூற்றுக்கணக்கில் எழுதித் தள்ளும் குழுக்கள் இருக்கின்றன. அதை மனிதர் யாரும் படிப்பதில்லை. எதற்காக ஒரு விதி பிறந்ததோ அந்த ஒன்றிரண்டு காட்சிகள் போதும். மற்றவை சாதாரணச் சோதனை நிரலிலேயே இருக்கட்டும்.

இனி பராமரிப்பு. இதில் நாம் பின்பற்றத் தகுந்த உதாரணம் வலைப்பக்கங்களின் எச்.டி.எம்.எல். தரநிலை. 1999 டிசம்பரில் வந்த 4.01 பதிப்பு, பக்கத்தை எழுதுகிறவர் பிழை செய்தால் உலாவி என்ன காட்ட வேண்டும் என்பதைத் தெளிவாக வகுக்கவில்லை. உலகத்தின் பெரும்பாலான பக்கங்களில் பிழை இருந்தது. தடித்த எழுத்தைத் திறந்து, அதற்குள் சாய்ந்த எழுத்தைத் திறந்து, முதலில் திறந்ததை முதலில் மூடிவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு உலாவியும் ஒவ்வொரு விதமாகச் செய்தது. புதிதாக உலாவி கட்டுகிறவர்கள் தரநிலையை விட்டுவிட்டுப் போட்டியாளரின் உலாவியைத் தோண்டிப் பார்த்துக் கற்க வேண்டியிருந்தது. 2004இல் உருவான வாட்விஜி குழு அந்த நடத்தைகளை ஆராய்ந்து, பிழையான பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதைப் படிப்படியாக எழுதிவைத்தது. பதிப்பு எண்களையும் பின்னர் கைவிட்டு, எப்போதும் திருத்தப்படும் ஒரே ஆவணமாக மாற்றியது. இன்று அதில் நடத்தையை மாற்றும் திருத்தம் ஏற்கப்பட வேண்டுமானால் குறைந்தது இரண்டு உலாவித் தரப்பின் ஆதரவு வேண்டும். எல்லா உலாவிகளுக்கும் பொதுவான சோதனைத் தொகுப்பில் அதற்கான சோதனையும் கூடவே வர வேண்டும். கோடிக்கணக்கானோர் நம்பியிருக்கும் ஓர் ஆவணத்தை இப்படி அன்றாடம் புதுப்பிக்க முடிகிறது என்றால், பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நேரமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் குழுவில் இதற்குப் புதிதாக எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். விவரக்குறிப்பை நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில், எளிய உரைக்கோப்பாக வையுங்கள். ஜிரா டிக்கெட்டை விவரக்குறிப்பாக நினைக்க வேண்டாம். டிக்கெட் என்பது ஒரு மாற்றத்துக்கான கோரிக்கை. வேலை முடிந்ததும் அது மூடப்பட்டுவிடும். நாற்பது டிக்கெட்டுகளைக் கூட்டிக் கழித்து இன்றைய நடத்தை எது என்று கண்டுபிடிக்கும் வேலையை யார் தலையிலும் கட்டக் கூடாது. பயனருக்குத் தெரியும் நடத்தை மாறுகிறது, ஆனால் விவரக்குறிப்புக் கோப்பு மாறவில்லை என்றால் அந்த நிரல் மாற்றத்தை மறுஆய்வில் திருப்பி அனுப்புங்கள். இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் தரும்.

இதற்கு இப்போது புது அவசரமும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் விவரக்குறிப்பைக் கொடுத்து நிரல் எழுதி வாங்குகிறோம். அனுபவமுள்ள நிரலாளர் காலிக் கட்டத்தைக் கண்டால் எழுந்துவந்து கேட்பார். இந்தக் கருவிகள் பெரும்பாலும் கேட்பதில்லை. பொருத்தமாகத் தோன்றுவதை இட்டு நிரப்பிவிட்டு மேலே போய்விடும். நிரப்பியது எது, நாம் சொன்னது எது என்று பிறகு பிரித்தறிவது கடினம்.

ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், எந்த ஆவணமும் இல்லாத மென்பொருளுக்கு முழுதாக எழுத உட்கார வேண்டாம், பாதியில் நின்றுபோகும். இந்த வாரம் எந்தப் பகுதியைத் தொடுகிறீர்களோ அதற்கு மட்டும் எழுதுங்கள். டெஸ்டர்களும் வாடிக்கையாளர் உதவி மையத்தில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளிலிருந்து தொடங்கலாம். காலிக் கட்டங்கள் எங்கே இருக்கின்றன என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு விதிக்குக் காரணம் கிடைக்கவில்லையென்றால் ஊகித்து எழுதாதீர்கள். “காரணம் தெரியவில்லை” என்று தேதியோடு குறியுங்கள், அதன் கீழே யார் யாரைக் கேட்டுப் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். அடுத்து வருகிறவர் அவர்களை மறுபடி கேட்டு நேரத்தை வீணாக்காமல், அந்த விதியை நீக்கினால் என்ன ஆகிறது என்று சோதனைச் சூழலில் நேராகவே பார்த்துவிடலாம்.